மார்கழியில் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுமுன் நில்லுங்கள்!

கவனம்! கனடாவில் சாடியில் கறிவேப்பிலை வளர்க்கும் எல்லோரும் பனி விழுமுன் இதைப் படித்துவிடுங்கள். படித்துவிட்டு உங்கள் அம்மாவுக்கும் மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கையில்தான் செம்பு இருக்கிறது.

வெளியே கொட்டுகிற பனிக்குத் தப்பிய கன்று, வீட்டுக்குள்ளே அந்தச் செம்புத் தண்ணீரால் சாகிறது. ஒவ்வொரு குளிர்காலமும் இதுதான் நடக்கிறது. கன்று ஏன் பட்டுப்போனது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "குளிர் தாங்கேல்லை." குளிர் பாதிதான் காரணம். மீதிப் பாதி நம் அன்பு.

ஸ்காபரோவில் இருக்கும் ஒரு சகோதரிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

கைச்சாண் உயரத்தில் வாங்கிய கன்று. ஆண்டுக்கணக்காய்ப் பார்த்துப் பார்த்து வளர்த்து, நெஞ்சளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். கோடையில் பின்வளவில் நிற்கும். துவசம், பிறந்தநாள் என்று அயலில் எந்த வீட்டில் சமையல் பெருகினாலும் அங்கிருந்துதான் இரண்டு ஈர்க்கு இலை போகும். போன ஐப்பசியில் உள்ளே எடுக்கச் சற்றுப் பிந்திவிட்டது. ஓர் இரவு நல்ல குளிர். மறுநாள் அவசரமாகத் தூக்கிப் பேஸ்மென்டில் வைத்தார். ஒரு கிழமையில் அடியிலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது.

பதறிவிட்டார். நாள் தவறாமல் தண்ணீர். பிறகு, சத்துக் குறைவாக்கும் என்று பசளை. அதற்கும் சரிவரவில்லை என்று, மார்கழியின் நடுவில், பெரிய சாடிக்கு மாற்றினார். கடைசியில் 'பாவம், குளிருதாக்கும்' என்று தூக்கிச் சூட்டுக் காற்று வரும் வென்டுக்கு மேலேயே வைத்தார்.

"தண்ணி விட விட இலை கொட்டுது அக்கா. இன்னும் கொஞ்சம் விட்டுப் பாப்பம் எண்டு நினைச்சன்."

மாசியில் அடித்தண்டு கறுத்தது. பிடித்து இழுத்தபோது வேர் மண்ணோடு நிற்கவில்லை. கூழாய்க் கையோடு வந்தது. சாக்கடை மணம். அவர் அழுதார். சிரிக்காதீர்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த மரம் வெறும் தாளிதச் சரக்கு இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அவர் செய்த நான்கு காரியமும் அன்பினால் செய்தது. நான்கில் எந்த ஒன்றும் தனியாகவே அந்தக் கன்றைக் கொன்றிருக்கக்கூடும்.

ஏன் என்று கேளுங்கள். இது விளங்கிவிட்டால் பாதிக் கன்றுகள் பிழைக்கும்.

கறிவேப்பிலை வெயிலின் பிள்ளை. வெப்பம் 15 பாகைக்குக் கீழே போகப்போக அதன் வளர்ச்சி மந்தமாகும். 10 பாகைக்குக் கீழே நாள்கணக்கில் நின்றால் இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போகும். உறைநிலை தொட்டால் இளந்தண்டு கருகும். ரொறன்ரோவின் தை மாதத்தில் வெளியே விட்டால் வேரோடு முடிந்தது. வீட்டுக்குள் வெப்பம் போதுமானதாக இருந்தாலும் மார்கழியில் பகல் குறுகிவிடுகிறது. வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் இலை வேலை செய்யாது. இலை வேலை செய்யாவிட்டால் வேர் தண்ணீரை இழுக்காது.

அப்போது நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகும்? மண்ணிலேயே நிற்கும். மண்ணின் துளைகளில் இருக்க வேண்டிய காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். வேருக்கும் மூச்சு வேண்டும். மூச்சுத் திணறிய வேரில் அழுகல் ஏறும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. அதனால் மேலே இலை வாடும்.

வாடிய இலையைப் பார்த்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்? இன்னும் ஊற்றுவீர்கள்.

இதுதான் பொறி. தாகத்தில் வாடுவதும் மூழ்கி வாடுவதும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

உறங்கும் குழந்தையை எழுப்பி எழுப்பிச் சோறூட்டுவது போன்றதுதான் இது. விடுங்கள், உறங்கட்டும். மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் செம்பைக் கீழே வையுங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இலை கொட்டி நிற்கும் கன்றுக்கு மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை சிறிதளவு தண்ணீர் போதும். குழாயிலிருந்து நேரே பிடித்த தைமாதத் தண்ணீர் கையையே விறைக்க வைக்கும். முதல் நாள் இரவே பிடித்து அறைச் சூட்டில் வைத்து ஊற்றுங்கள்.

இனி அபாய அறிகுறிகள். கன்றின் முன்னால் போய் நின்றுகொண்டு படியுங்கள்.

சாடியைச் சுற்றிச் சின்னஞ்சிறு கறுப்புப் பூச்சி பறக்கிறதா? பழ ஈ என்று நினைத்துவிடாதீர்கள். ஈர மண்ணில் முட்டையிடும் பூச்சி அது. வேர் அழுகுமுன் வரும் முதல் எச்சரிக்கை. அன்றிலிருந்தே தண்ணீரை நிறுத்துங்கள். மேல் மண் நன்றாகக் காயட்டும்.

மண்ணை முகர்ந்தால் புளித்த, அழுகிய மணமா? உடனே சாடியிலிருந்து எடுத்துப் பாருங்கள். வெள்ளையாய், இறுக்கமாய் இருக்கும் வேர் நல்ல வேர். கறுத்துக் கொழகொழத்ததை வெட்டி எறிந்துவிட்டு, காய்ந்த புது மண்ணில் சிறிய சாடியில் வையுங்கள். குளிர்காலத்தில் மண் மாற்றலாமென்றால் இந்த ஒரு காரணத்துக்காக மட்டும்தான்.

மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு கறுத்து மென்மையாகிவிட்டதா? அது மிகவும் முற்றிய நிலை. மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

தரையோ யன்னல் விளிம்போ பிசுபிசுக்கிறதா? இலையைத் திருப்பி நடுநரம்பைப் பாருங்கள். கபில நிறத்தில் சிறு கட்டிகள் ஒட்டியிருக்கும். கட்டி என்று விட்டுவிடாதீர்கள், உயிருள்ள செதிற்பூச்சி அது. சாற்றைக் குடித்துவிட்டுச் சீனிப்பாகு போல் ஒன்றைக் கழிக்கும். அதன்மேல் கரிப்பூஞ்சணம் படரும்.

இலைக்கடியில் நூலாம்படை போல மெல்லிய வலையா? இலை முழுக்க ஊசி குத்தினாற்போல் வெளிர்ப் புள்ளியா? செஞ்சிலந்திப் பேன். ஃபர்னஸ் ஓடும் மாதங்களில் வீட்டுக் காற்று வறண்டு கிடக்கும். அதற்கு அதுதான் கொண்டாட்டம். வென்டுக்கு மேலே வைத்த கன்றில்தான் முதலில் வரும். கன்றைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், சாடியைப் பையால் கட்டி மூடிவிட்டு, இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். ஒரு தடவை போதாது. கிழமைக்கு ஒருமுறை, ஒரு மாதம்.

புதுத் தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சையா? பெரும்பாலும் இரும்புக் குறைபாடு. ரொறன்ரோ குழாய்த் தண்ணீர் சற்றுக் காரத் தன்மை உள்ளது. ஆண்டுக்கணக்கில் அதையே ஊற்றினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இதற்கு நம்மவர் கைவசம் வைத்திருக்கும் மருந்து புளித்த மோர். ஊரில் முற்றத்து மரத்துக்கு ஊற்றினால் மண் குடித்துவிடும், மண்புழுவும் வெயிலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இங்கே மூடிய அறையில், ஒரு சாடி மண்ணில், குளிர்காலத்தில் ஊற்றினால் மேலே பூஞ்சணம் படரும், வீடு நாறும், அந்தக் கறுப்புப் பூச்சிப் படை முழுவதும் வந்து சேரும். உள்ளே இருக்கும் கன்றுக்கு மோரும் வேண்டாம், அரிசி கழுவிய தண்ணீரும் வேண்டாம். வசந்தத்தில் இரும்புச் சத்து கலந்த பசளையைப் பொதியில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் கொடுங்கள்.

இலை கொட்டியது மட்டும்தானா? தண்டு உறுதியாக, மண் மணமில்லாமல் இருக்கிறதா? அது அறிகுறியே இல்லை. பயப்படாதீர்கள். நகத்தால் தண்டை இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் காய்ந்த கபிலமாக இருந்தால் கீழே கீழே சுரண்டிப் பாருங்கள். மொட்டையாய் நிற்கிறது என்று குப்பை நாளில் தெருவோரம் வைத்துவிட்ட கன்றுகள் எத்தனை! அவற்றில் பல உயிரோடு போனவை.

சரி, எங்கே வைப்பது? இதில்தான் மக்கள் குழம்புகிறார்கள். இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, வெப்பமும் வெளிச்சமும் சேர்ந்து கொடுங்கள்: 18 பாகைக்கு மேல், தெற்குப் பார்த்த யன்னல், அதோடு செடி விளக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். இலை கொட்டாது, மார்கழியிலும் சொதிக்கு ஓர் ஈர்க்குக் கிடைக்கும். அந்தக் கன்றுக்கு வழமையான தண்ணீர், மேல் மண் காயக் காய. அல்லது, உறையாத குளிரான இடத்தில், 10 பாகைக்குக் கிட்ட, கிட்டத்தட்டக் காய்ந்த மண்ணில் உறங்க விடுங்கள். இலை போகும். வைகாசியில் வரும்.

இரண்டும் இல்லாமல் இருட்டு, சூடு, ஈரம் மூன்றையும் ஒன்றாகக் கொடுப்பதுதான் பேஸ்மென்ட் மூலை. அதுதான் கொலைக்களம். இன்னொன்று, சீமெந்துத் தரையில் நேரே சாடியை வைக்காதீர்கள். அறை சூடாக இருந்தாலும் தரை வேரைக் குளிர வைக்கும். ஒரு பலகைத் துண்டு போதும். அழகுக்கு வாங்கும் துளையில்லாத வெளிச்சாடியையும் தூக்கிப் பாருங்கள். அடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதென்று பார்த்தால் திடுக்கிடுவீர்கள். கராஜில் கன்றுக்காக மின்ஹீட்டரைப் போட்டுவிட்டு உறங்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! கன்று போனால் வாங்கலாம். வீடு பற்றினால்?

இப்போது சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. இது கன்றைப் பற்றியது இல்லை. உங்கள் பிள்ளைகளின் வயிற்றைப் பற்றியது.

செதிற்பூச்சியைக் கண்டதும் கடைக்கு ஓடி, றோசாவுக்கும் வீட்டுப் பூச்செடிக்கும் அடிக்கும் மருந்தை வாங்கி வந்து தெளிக்கிறார்கள். அந்த மருந்துகளில் ஒரு வகை இலையின் மேலே நிற்பதில்லை. செடிக்குள் இறங்கும். சாற்றோடு ஓடி ஒவ்வொரு இலைக்கும் போகும். மண்ணில் தூவும் குருணையும், செருகும் குச்சியும் அப்படித்தான், வேர்வழியே ஏறும். கழுவினால் போகாது. தாளித்தாலும் போய்விடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பூச்செடியில் அது பரவாயில்லை, றோசா இலையை யாரும் பருப்புக்குள் போடுவதில்லை. கறிவேப்பிலையை நாங்கள் போடுகிறோம். சம்பலில் பச்சையாகவே அரைக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மருமகள் காலையில் மருந்தடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாமியாருக்குத் தெரியாது. மத்தியானம் ஓர் ஈர்க்கு ஒடித்துக் கழுவி வைத்துவிட்டார். அடுப்பில் சட்டி ஏறுமுன் பேரப்பிள்ளை மருந்துப் போத்தலைக் கண்டு கேட்டதால் தப்பினார்கள்.

பொதியின் பின்பக்கத்தை வாசியுங்கள். உண்ணும் செடிக்குப் பாவிக்கலாம் என்று எழுதியிருக்கிறதா, அறுவடைக்கு முன் எத்தனை நாள் விடவேண்டும் என்று போட்டிருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் கன்றுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். செதிற்பூச்சியை ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். உண்ணும் செடிக்கென விற்கும் பூச்சிச் சவர்க்காரக் கரைசல் இருக்கிறது. நேரம் எடுக்கும், கை வலிக்கும், பரவாயில்லை. புதிதாக வாங்கிய கன்றிலும் உடனே இலை பறிக்காதீர்கள். என்ன மருந்து அடித்தார்கள் என்று விற்றவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாதென்றால் அதை அலங்காரச் செடியாக எண்ணி முதல் கோடை முழுக்கச் சும்மா வளர விடுங்கள்.

வாங்கும் இடத்திலேயே ஏமாறுகிறவர்களும் உண்டு. கோடையில் தோட்டக் கடைகளில் கறிச் செடி என்ற பெயரில் ஒன்று விற்பார்கள். வெள்ளிச் சாம்பல் நிறம், ஊசி போன்ற இலை, மஞ்சள் பூ. கறித்தூள் மணம்கூட வரும். அது மத்தியதரைக்கடல் நாட்டுச் செடி, நம் கறிவேப்பிலைக்குச் சொந்தமே இல்லை. இன்னொன்று இலையில் ஏறக்குறைய அப்படியே இருக்கும், வெள்ளைப் பூ மல்லிகை போல் மணக்கும், பழம் சிவப்பு. கறிவேப்பிலையின் பழம் பழுத்தால் கறுப்பு. ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். அம்மாவின் குசினி நினைவுக்கு வராவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

இணையத்தில் பொதியில் வரும் காய்ந்த கறிவேப்பிலை விதையை வாங்காதீர்கள்! இந்த விதை காய்ந்தால் செத்துவிடும். மரத்தில் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, சில நாட்களுக்குள், 20 பாகைக்கு மேல் சூடான மண்ணில் போட்டால்தான் முளைக்கும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்து தபாலில் வந்தது முளைக்காமல் போனால், உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்தது பெட்டிக்குள் கன்று. ஊருக்குப் போய் வரும்போது, ஈரத் துணியில் வேரைச் சுற்றி, உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு வருகிறார்களே, அவர்களுக்குச் சொல்கிறேன். செய்யாதீர்கள். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வேரோடு செடி கொண்டுவர முன்கூட்டிய அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அங்கத்தைய மண் ஒரு பிடிகூடக் கனடாவுக்குள் வரக்கூடாது. சொல்லாமல் கொண்டுவந்து பிடிபட்டால் தண்டம் 1,300 டொலர் வரை போகும். கன்றும் போய்விடும்.

'ஒரு சின்னக் கன்றுக்கு ஏன் இவ்வளவு பாடு?' என்று கேட்பீர்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் கிரீனிங் நோயைக் காவித் திரிகிற மூன்று, நான்கு மில்லிமீற்றர்ப் பூச்சி ஒன்று இருக்கிறது. அதற்குக் கறிவேப்பிலைத் தளிர் என்றால் உயிர். முட்டையை அதிலும் கொண்டுபோய் இடும். அந்த முட்டை நம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. புளோரிடாவில் அந்த நோய் 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் சூறாவளிகளும் சேர்ந்து, அங்கே தோடம்பழ விளைச்சலைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கிவிட்டன. 2012இல் கலிபோர்னியாவிலும் வீட்டு வளவு மரம் ஒன்றில் கண்டார்கள். இந்த நோய்க்கு மருந்தில்லை. கனடாவில் தோடைத் தோட்டம் இல்லைத்தான். ஆனால் நம்மவர் விடுமுறைக்குப் புளோரிடாவுக்குக் காரில் போகிறார்கள். அங்கே இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஒரு கன்று, அங்கிருந்து திரும்பும்போது ஒரு கன்று. அந்தக் கார்ப்பயணத்தில் யாரோ ஒரு விவசாயியின் தோட்டம் அழியலாம். எல்லையில் ஒரு கட்டு இலை இருந்தாலும் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். எடுத்துவிட்டால் எடுக்கட்டும்.

வசந்தம் வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைக்காதீர்கள். சித்திரையில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் கன்றை வெளியே தூக்கிவிடுகிறார்கள். மூன்றாம் இரவு உறைபனி. விக்டோரியா நாள் விடுமுறை கழியும்வரை பொறுங்கள், அப்போதும் இரவு வெப்பம் 10 பாகைக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் வெளியே. முதல் கிழமை நிழலில் மட்டும். ஆறு மாதம் யன்னலுக்குள் இருந்த இலைக்கு நேர் வெயில் பட்டால் ஒரே மத்தியானத்தில் வெளிறிக் கருகும். கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். சாடி மாற்றுவது, நுனி கிள்ளுவது, பசளை போடுவது எல்லாம் இந்த நாட்களில்தான். சாடியும் ஓர் அளவுதான் பெரிதாக இருக்கலாம். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த குளிர்காலத்துக்குக் காத்திருக்கும். பூமொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள், இலைக்குப் பலம் போகும். புரட்டாதியில் இரவு 10 பாகையைத் தொட்டதும், கழுவி, இலைக்கடியைப் பார்த்து, உள்ளே எடுங்கள். ஐப்பசிவரை காத்திருக்க வேண்டாம்.

இன்னும் மொட்டையாகவே நிற்கும் கன்றை ஆனி முடியும்வரை எறியாதீர்கள். தண்டு முழுக்கப் பட்டிருந்தாலும் மண்ணுக்குள்ளிருந்து ஒரு குருத்து வருவது உண்டு. ஆனியும் போய், வேரும் கறுத்திருந்தால் எறியுங்கள். எறியும்போது அந்த மண்ணையும் சேர்த்து எறியுங்கள். சாடியைக் கொதிநீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்க்காமல் அடுத்த கன்றை அதில் வைக்காதீர்கள். அழுகல் அந்த விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.